வாழை சாய்ந்த பிறகு எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது?

6 ஜனவரி 2024 – கேள்வி

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம், ஏரல் பக்கம். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. ஒன்றரை ஏக்கர் ஏத்தன் வாழை, குலை தள்ளுகிற நேரம், மொத்தமும் சாய்ந்துவிட்டது. வயலில் முழங்கால் அளவு மணல் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் 'நம்பிக்கையை விடாதே' என்கிறார்கள். அதை எப்படி விடாமல் இருப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்படி எல்லாம் போய் மறுபடி எழுந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், நிஜமாக என்ன நடந்தது என்று எழுதுங்கள். அறிவுரை வேண்டாம்.

7 ஜனவரி 2024, இரவு

எங்களுக்குப் பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் ஒரு ஊர். தஞ்சாவூர், புதுக்கோட்டை இரண்டு மாவட்டமும் முட்டுகிற இடம். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் தென்னை. 210 மரம்.

கஜா புயல், 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் நள்ளிரவுக்குப் பிறகு கரை ஏறியது, எங்களிடம் வரும்போது விடியக்காலை மூன்று மணி இருக்கும். முதலில் வடக்கேயிருந்து அடித்தது. ஓடெல்லாம் பறக்கவும் பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு காங்கிரீட் போட்ட நெல் ரூமுக்குள் போய்விட்டோம். ஆடு நாலும் உள்ளேதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'விட்டுருச்சு' என்று அம்மா எழுந்தாள். அப்பாயி கையைப் பிடித்து உட்கார வைத்தது. அது 1952-இல் வந்த புயலைச் சின்ன வயதில் பார்த்தது. 'திரும்பி வரும்டி' என்றது. அப்படியே தெற்கேயிருந்து வந்தது. வடக்குக் காற்றில் ஆட்டம் கொடுத்து நின்ற மரங்களையெல்லாம் அதுதான் சாய்த்தது.

விடிந்து கதவைத் திறந்தால் பக்கத்து ஊர் தண்ணீர் டேங்க் தெரிகிறது. நான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து அந்த டேங்கை ஒருநாளும் பார்த்ததில்லை. நடுவில் எங்கள் தோப்பு இருந்தது. எண்ணிப் பார்த்ததில் 19 மரம் நின்றது.

அப்பா ஒன்பது பத்து நாள் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். தோப்புப் பக்கம் திரும்பமாட்டார். கரண்ட் 20 நாள் கழித்துத்தான் வந்தது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், பையனுக்குக் காய்ச்சல்.

8 ஜனவரி

எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம்.

கரண்ட் வந்தது மார்கழி பிறந்து நாலாம் நாளாம். அப்படியென்றால் 33 நாள். மாவு ஆட்ட ஆட்டுக்கல்லைக் கழுவி எடுத்தது அவள்தானே, அவளுக்குத்தான் கணக்கு சரியாக இருக்கும். விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கைப் பார்த்தால் 33 நாள் பெரிய தாமதம் இல்லை, ஆனால் இருட்டில் இருந்தபோது அப்படித் தோன்றவில்லை.

இரண்டாவது, நின்றது 23 மரம். பாதி சாய்ந்து கிடந்த நாலு கன்று மரங்களுக்கு முட்டுக் கொடுத்து மண் அணைத்தோம். நாலும் பிழைத்தன. அதை நான் எப்படி மறந்தேன்? இப்போது வீட்டுச் சட்னிக்குக் காய் அந்த நாலிலிருந்துதான் வருகிறது.

அண்ணே, நீங்கள் அறிவுரை வேண்டாம் என்றது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்களிடமும் வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அப்பாவை எழுப்பியது வேறு ஒன்று. மரம் அறுக்கிற மெஷின் வைத்திருக்கும் ஒரு தம்பி, பக்கத்து ஊர், எங்களுக்கு ஒட்டும் உறவும் கிடையாது. ரோட்டில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டே வந்தவன் எங்கள் மாட்டுக்கொட்டகை மேல் கிடந்ததைப் பார்த்து உள்ளே வந்தான். அப்பாவிடம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. 'ஐயா, கயிறு பிடிக்க ஆளில்ல. சித்த வாங்க' என்றான்.

அப்பா எழுந்து போனார். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் வரைக்கும் கயிறு பிடித்தார். உள்ளங்கை தோல் உரிந்துபோனது. ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள், அன்றைக்குத்தான் புயலுக்குப் பிறகு முதல்முறையாக அப்பா ஒரு முழு வாக்கியம் பேசினார்: 'அந்தப் பய மத்தியானம் சாப்புடவே இல்ல, கேக்காம விட்டுட்டமே.'

8 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

மன்னிக்கவும், இன்னொரு திருத்தம். 'ஒன்பது பத்து நாள் திண்ணையில்' என்று எழுதியது தப்பு. அப்பா நோட்டை எடுத்துக் காட்டினார். அந்தத் தம்பி வந்த தேதி 21-11-18. புயலுக்கு ஐந்தாம் நாள். எனக்குத்தான் பத்து நாள் மாதிரி இருந்திருக்கிறது.

என்ன நோட்டு என்று கேட்பீர்கள். மொய் நோட்டு. உங்கள் பக்கம் இந்த அளவுக்கு இருக்கிறதா தெரியவில்லை. எங்கள் வட்டாரத்தில், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் எல்லாம் சேர்த்து, ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் இருக்காது, விருந்தே விசேஷம். கறிச்சோறு போட்டு, வருகிறவர்கள் மொய் செய்துவிட்டுப் போவார்கள். ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வைப்பார். வந்த பணத்தில் கிணறு வெட்டலாம், கடை போடலாம். வாங்கிய மொய்யைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் கூட்டிப் போடுவது புது நடை. எல்லாம் நோட்டில் இருக்கும். திருப்பியாகிவிட்டால் அந்த வரியின் மேல் ஒரு கோடு.

அந்த நோட்டின் கடைசி நாலு பக்கத்தில் அப்பா புயலில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியும், ஆனால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

10 ஜனவரி

ஒரு அக்கா கேட்டிருக்கிறார், உதவியைக் கடன் மாதிரி எழுதி வைப்பது சரியா, மனசு நோகாதா என்று. நானும் அதையேதான் அப்பாவிடம் 2018-இல் கேட்டேன், கோபமாகவே கேட்டேன். சோறு போட்டவனைப் பற்றுக் கணக்கில் எழுதுகிற மாதிரி இருந்தது எனக்கு. வேலையே கணக்கு எழுதுவதாக இருக்க, வீட்டிலும் அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அப்பா பதில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

நாலைந்து வரி அப்படியே தருகிறேன். ஆட்களின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

மெஷின் தம்பி – 11 மரம் – காசு வாங்கல, சாப்பாடும் இல்ல
பாய் கடை – பால் பவுடர் 4, மெழுகுவத்தி 2 கட்டு
காலேஜ் பிள்ளைங்க 5 பேர் – தார்ப்பாய் 1 – கூரை ஏறி அவங்களே கட்டுனது
டேங்க் ஆபரேட்டர் – ஜெனரேட்டர் வாடகை கைக்காசு – ஊருக்கே
கரண்டு ஆளுங்க, பாலக்காடு, 6 பேர் – 2 நாள்

கடைசி வரியில் பெயரே இல்லை, கவனித்தீர்களா. அவர்கள் கேரள மின்வாரியத்திலிருந்து வந்தவர்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் கேரளத்தில் பெருவெள்ளம். எங்கள் ஊரிலிருந்தும் அரிசி, பாய், போர்வை எல்லாம் போனது. மூன்று மாதத்தில் அங்கிருந்து ஆட்கள் இங்கே வந்து சேற்றுக்குள் இறங்கிக் கம்பம் நட்டார்கள். எங்கள் தோப்பு வழியாகப் போகிற பெரிய லைனை இழுத்தது அவர்கள்தான். ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தார்கள். அப்பாயி கேழ்வரகுக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தது, அது பேசியது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசியது இதற்குப் புரியவில்லை, இரண்டு நாளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. பெயரைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

11 ஜனவரி

எல்லா உதவியும் நல்ல உதவி என்று நான் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெயின் ரோட்டில் பழைய துணிகளைக் கொட்டிவிட்டுப் போன லாரிகளும் உண்டு. கிழிசல், அழுக்கு, மழையில் ஊறி நாற்றம். நாலு கிலோ அரிசியைக் கையில் கொடுத்து, போட்டோ எடுக்க அப்பாயியைத் தலை நிமிரச் சொன்னவர்களும் உண்டு. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஊர்களுக்கு ஒரு வாரம் எதுவுமே வரவில்லை, ரோட்டோரத்தில் இருந்தவர்களுக்கு நாலு முறை கிடைத்தது. அதனால் சண்டை வந்து, இன்றைக்கும் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

அந்தக் காலேஜ் பிள்ளைகள் ஐந்து பேரையும் ஏன் நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், வருவதற்கு முந்தின நாள் ஒரு பையன் பைக்கில் வந்து 'என்ன வேணும்?' என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். பெண்களிடம் கேட்க அவனுக்குக் கூச்சம், மறுநாள் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். நாப்கின் கேட்டு வாங்கினோம். கொசுவத்தி, தீப்பெட்டி, கயிறு.

போன மாதம் உங்கள் பக்கம் வந்த வண்டிகளில் எங்கள் ஊர் வண்டியும் ஒன்று, அண்ணே. எங்கே நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்ன ஏற்றுவது என்று பேசும்போது நைட்டி, உள்ளாடை, நாப்கின், மெழுகுவத்தி, கயிறு என்று பெண்கள் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டோம். யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் ரயில் நின்றபோது உள்ளே நூற்றுக்கணக்கான பேர். தங்கள் வீட்டிலும் தண்ணீர் சூழ்ந்திருக்க, புதுக்குடிக்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். அதைக் கேட்டு எங்கள் அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். அது உங்கள் மண்.

15 ஜனவரி, பொங்கல்

தென்னை போனதற்கு அரசு கொடுத்த நிவாரணம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, சேர்த்து 1,100. வருஷத்துக்கு நூறு காய் போட்ட மரம். குறை சொல்ல எழுதவில்லை, எங்களுக்கு அந்தப் பணம் உதவியது, முதல் கன்றுகள் அதில்தான் வாங்கினோம். ஆனால் வெட்டி எடுக்க அது போதவில்லை. அறுத்த துண்டுகளை வாங்க ஆளே இல்லை. எல்லார் தோப்பிலும் அதுதானே கிடந்தது. செங்கல் சூளைக்காரர்கள் கேட்ட விலைக்கு ஏற்றி அனுப்பினோம், மீதி அப்படியே கிடந்தது.

இதில் ஒரு தப்பு செய்தோம். உங்களுக்கு உதவும் என்று சொல்கிறேன், வாழை என்றாலும் விஷயம் ஒன்றுதான்: அழுகுவதை வயலில் விடாதீர்கள். மக்கிய தென்னை மரத்துக்குள்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். 2019 ஆடியில் 25 அடிக்கு ஒன்றாக 130 கன்று வைத்தோம். அடுத்த வருஷமே வண்டு குருத்தைக் குடைந்தது. விரிகிற ஓலை எல்லாம் கத்தரியால் வெட்டின மாதிரி விசிறி விசிறியாக வந்தது. 31 கன்று போனது. புயலில் அழாத அப்பா அந்த 31-க்கு அழுதார்.

பிறகு ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து மண்பானையில் ஊற்றி மூலைக்கு ஒன்று வைத்தோம். வாடைக்கு வண்டு வந்து விழும். காலையில் கம்பியோடு போய்க் குருத்துக்குள் இருப்பதைக் குத்தி எடுப்பது அப்பா வேலை, பானையில் விழுந்ததை எண்ணுவது என் பையன் வேலை. எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதுவான். அந்தச் சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

இன்று காலை பொங்கல் வைத்துவிட்டுத் தோப்புக்குப் போனோம். நாலாவது வரிசை, நாலாவது கன்று, நெட்டை குட்டைக் கலப்பு, பாளை வெடித்திருக்கிறது. முதல் பாளை. உள்ளே பூ தந்தக் கலரில் இருந்தது. கிட்டப் போனால் தேனீ. யாரும் தொடவில்லை. அப்பா மட்டும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

2 பிப்ரவரி

இழையைத் தொடங்கிய அண்ணன் 'ராத்திரி தூக்கம் இல்லை, என்னென்னவோ தோன்றுகிறது' என்று எழுதியதைப் பார்த்தேன். அதற்கு முதலில் பதில்.

அண்ணே, எங்கள் அப்பா எழுந்தார் என்று எழுதினேன். எழுந்திருக்காதவரும் இருந்தார். பக்கத்து ஊர், அப்பாவின் வயதுதான், அவருக்கும் தென்னைதான். விபரீத முடிவு எடுத்துவிட்டார். அவரிடம் மனஉறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அப்பாவிடம் கயிறு பிடிக்கக் கூப்பிட ஒருவன் வந்தான், அவரிடம் அந்த வாரம் யாரும் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை. சைக்கிளில் கால் மணி நேர தூரம். அது எங்களுக்கு இன்னும் உறுத்தல்.

அதனால் சொல்கிறேன், இன்றைக்கே யாரிடமாவது வாய் விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் முடியாதென்றால் 104-க்குப் போன் பண்ணுங்கள், 14416 என்றும் ஒரு எண் இருக்கிறது, இரண்டும் இலவசம், தமிழில் பேசுவார்கள். என் எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடையில் இருப்பேன், அதைப் பார்க்காமல் கூப்பிடுங்கள்.

3 பிப்ரவரி

பேசினோம். விவரம் அவருடையது, நான் எழுதமாட்டேன். நேற்று ராத்திரி தூங்கியிருக்கிறார்.

19 மார்ச்

புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் நல்லது ஏதாவது நடந்ததா என்று கேட்டவருக்கு: நடந்தது. பேராவூரணி இளைஞர்கள் 2019-இல் கைஃபா என்று ஒரு அமைப்பு தொடங்கி, பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு வந்து சேர்ந்தால்தான் நிச்சயம், ஏரி குளம்தான் ஆதாரம். தென்னை போய்விட்டதே என்று உட்கார்ந்தவர்கள் தண்ணீர் இருந்தால் வேறு ஏதாவது செய்யலாம் என்று யோசித்தார்கள். என் கடையிலிருந்தும் டீசலுக்கு ஒரு தொகை போனது.

வம்பன் நாலு ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர், புயலில் எல்லாம் இழந்த வாடிக்கையாளர்கள் தனக்குத் தரவேண்டிய பாக்கியை ரத்து செய்வதாக எழுதி ஒட்டிவிட்டார். செய்தியிலேயே வந்தது. எங்கள் அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. 'நல்ல மனுசன்தான். ஆனா குடுக்க முடியுறப்ப எப்புடிக் குடுக்குறது?' என்றார். இந்த ஒரு விஷயத்தில் நானும் அப்பாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்த டீக்கடைக்காரர் செய்ததுதான் பெரிசு.

ஆனால் ஜனவரியில் எழுதிய ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். எழுதி வைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2019 ஆடியில் எங்கள் வட்டாரத்தில் மொய் வசூலே படுத்துவிட்டது, யாரிடமும் பணம் இல்லை. அந்த வருஷம் அப்பா ராத்திரி ராத்திரி அந்தக் கடைசி நாலு பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, 'இவனுக்கு இன்னும் செய்யல, இவனுக்கு இன்னும் செய்யல' என்பார். மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார். கடன் இருக்கிற மனுஷன் படுக்க முடியாது என்பது அவருடைய கட்சி. டேங்க் ஆபரேட்டர் மகள் கல்யாணத்துக்கு அந்த நிலைமையிலும் இரண்டு மூட்டை அரிசி போட்டார். அன்றைக்கு நோட்டில் கோடு போட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

20 மார்ச்

ஏரல் அண்ணன் வயலில் மணலை வழித்துவிட்டாராம். பக்கத்து வயல்காரர் 200 வாழைக்கன்று கொடுத்திருக்கிறார், காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே!

4 ஆகஸ்ட்

நாலு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி வந்ததிலிருந்து, ஜூலை 30, வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. முண்டக்கை, சூரல்மலை என்று ஊர்ப் பெயர்கள் அப்பாவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. 'பாலக்காட்டுலேருந்து எவ்வளவு தூரம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்று ஆடிப்பெருக்கு. சாப்பிட்டு முடித்து நோட்டோடு வந்து உட்கார்ந்தார். 'ஆறு பேரு, ரெண்டு நாளு. லைன்மேனுக்கு நாள் கூலி என்ன வரும்?' என்றார். 800 என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். 9,600. புது நடை சேர்த்து 10,001 என்று அவரே முடிவு செய்தார். கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்கு என் போனிலிருந்து அனுப்பினேன். அனுப்புகிறவர் பெயர் கேட்டது, அப்பா பெயரைப் போட்டேன்.

பேனாவைக் கொடுத்தேன். கோடு போடவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.

'என்னப்பா?'

'அவங்க சீட்டுல நம்ம பேரு வந்துருச்சான்னு பாரு.'

ரசீது வர ஐந்து நிமிஷம் ஆனது. காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தார். பிறகு ஸ்கேல் கொண்டுவரச் சொல்லி, அந்த வரிக்கு மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

மெஷின் தம்பி வரி இன்னும் நிற்கிறது. ஆறு வருஷமாக எது கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம், நேற்றுத்தான் பத்திரிகை வைத்துவிட்டுப் போனான், இந்த முறை சாப்பிடாமல் விடவில்லை. பொங்கலன்று பாளை விட்ட அந்தக் கன்றில் இப்போது ஒரு குலை இளநீர் தொங்குகிறது, எண்ணினால் 14. யாரையும் பறிக்க விடாமல் வைத்திருந்த காரணம் இப்போது தெரிந்தது. பந்தக்கால் வாசலில் கட்ட என்று அப்பா கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார்.